பாக்டீரியாவை ஒளிர வைக்கிற கிட்: ரெண்டாவது நாள்ல நிறுத்திடாதீங்க

பள்ளி, காலேஜ் லேபுக்குன்னு விக்கிற பாக்டீரியா டிரான்ஸ்ஃபர்மேஷன் கிட் (வெளி டிஎன்ஏவை பாக்டீரியாவுக்குள்ள ஏத்திப் பாக்கிற பெட்டி) ஒண்ணை வாங்கி மூணு பேட்ச் பசங்களோட பண்ணிப் பாத்தாச்சு, இப்போ நிதானமா உக்காந்து எழுதுறேன். வாங்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டிருக்கிறவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன், தாராளமா வாங்குங்க. ஆனா கூட வர்ற கையேட்டை மட்டும் நம்பி வகுப்பை நடத்தாதீங்க, அது ரெண்டாவது நாளோட முடிஞ்சிடுது, எனக்கு இந்தப் பெட்டியோட அருமை புரிஞ்சதே பதிமூணாவது நாள்லதான்.

பெட்டிக்குள்ள என்ன வருதுன்னா, உலர்த்தி வெச்ச ஈ. கோலை பாக்டீரியா (லேப்ல மட்டுமே வளர்க்கிற, நோய் தராத கே-12 வகை), ஒரு சின்ன குப்பியில பிளாஸ்மிட், கால்சியம் குளோரைடு கரைசல், பாக்டீரியா வளர்க்கிற அகார் பொடி, ஆம்பிசிலின் (பாக்டீரியாவைக் கொல்ற ஆன்டிபயாட்டிக் மருந்து), அரபினோஸ் சர்க்கரை, பிளேட்டு, பாக்டீரியாவைத் தொட்டு எடுக்கிற லூப்பு, பேனா சைஸ்ல ஒரு யூவி லைட்டு. பிளாஸ்மிட்ங்கிறது வட்டமா இருக்கிற குட்டி டிஎன்ஏ. இந்தக் கிட்ல வர்றதுல முக்கியமா மூணு சமாச்சாரம் இருக்கு: ஆம்பிசிலினை உடைக்கிற என்சைமுக்கான ஜீன், பச்சையா ஒளிர்ற ஜிஎஃப்பி புரதத்துக்கான ஜீன், அப்புறம் அரபினோஸ் கிடைச்சா மட்டும் ஜிஎஃப்பியை ஆன் பண்ற சுவிட்சு. ஜிஎஃப்பி ஜெல்லிமீன்ல இருந்து வந்தது, அதைக் கண்டுபிடிச்சு வளத்தெடுத்த ஷிமோமுரா, சால்ஃபி, ட்சியென் மூணு பேருக்கும் 2008ல வேதியியல் நோபல் கிடைச்சுது. கடல்ல மிதக்கிற ஒரு ஜீவனோட ஜீன் குடல்ல வாழ்ற பாக்டீரியாவுக்குள்ள போய் வேலை செய்யுதுங்கிறதை பசங்க கண்ணால பாக்கும்போது அவங்க மூஞ்சியைப் பாக்கணும், அதுக்காகவே இன்னொரு தடவை வாங்கலாம்.

செய்முறை சுலபம்தான், ஆனா நேரம் தப்பக்கூடாது. காலனியை (பிளேட்ல புள்ளியா வளந்து நிக்கிற பாக்டீரியாக் கூட்டம்) லூப்ல எடுத்து கால்சியம் குளோரைடுல கரைச்சு, பிளாஸ்மிட் சேத்து, பத்து நிமிஷம் ஐஸ்ல வெக்கணும். அப்புறம் 42 டிகிரி தண்ணியில சரியா 50 செகண்டு, உடனே திரும்ப ஐஸ். டிஎன்ஏவும் நெகட்டிவ் சார்ஜ், செல்லோட மேல்பரப்பும் நெகட்டிவ் சார்ஜ், அதனால ஒண்ணை ஒண்ணு தள்ளும், கால்சியம் நடுவுல புகுந்து அந்தத் தள்ளலைக் குறைக்குது, அந்த திடீர்ச் சூட்டுல டிஎன்ஏ உள்ள நுழைஞ்சிடுது. 1970ல மாண்டலும் ஹிகாவும் காட்டின வழி இது. இங்க கையேட்டுல இல்லாத ஒரு விஷயத்தை நான் பசங்ககிட்ட அழுத்திச் சொல்லுவேன்: ஈ. கோலை சாதாரணமா இப்படி வெளியில கிடக்கிற டிஎன்ஏவை இழுத்து தன்னோட ஜீனாக்கிக்கிற ரகம் கிடையாது, நாமதான் ஐஸையும் சூட்டையும் காட்டி வலுக்கட்டாயமா உள்ள தள்றோம். ரெண்டாவது பேட்ச்ல ஒரு குழு 50 செகண்டை ரெண்டு நிமிஷமாக்கிட்டாங்க, அவங்க பிளேட்ல ஒரே ஒரு காலனி. அதனால ஸ்டாப்வாட்ச்சுக்குன்னு தனியா ஒரு ஆளை நிறுத்துங்க.

மறுநாள் காலையில பிளேட்டைத் திறந்தா, மருந்து இல்லாத பிளேட்டு முழுக்க பாலாடை மாதிரி பாக்டீரியா படிஞ்சிருக்கும். ஆம்பிசிலின் போட்ட பிளேட்ல பிளாஸ்மிட் குடுக்காத செல்லு ஒண்ணு கூட முளைச்சிருக்காது, குடுத்தது மட்டும் தனித்தனிப் புள்ளியா நிக்கும். ஒரு குழுவுக்கு 63 காலனி வந்துச்சு. நாம தடவினது கோடிக்கணக்கான செல்லு, அதுல 63. பசங்க இதைக் கேட்டு சோர்ந்து போவாங்க, நான் அங்கதான் நிறுத்தி பேச ஆரம்பிப்பேன். வெளியில இருந்து ஒரு ஜீன் உள்ள போய் தங்குறது எவ்வளவு அபூர்வமான விஷயம்னு அந்த 63ஏ சொல்லுது, ஆனா ஆம்பிசிலின் இருக்கிற உலகத்துல அந்த 63தான் மொத்த ஊரும், மத்தது எல்லாம் செத்துப்போச்சு.

அடுத்து ரெண்டு பிளேட்டைப் பக்கத்துல பக்கத்துல வைங்க, ஆம்பிசிலின் மட்டும் போட்டது ஒண்ணு, ஆம்பிசிலினோட அரபினோஸும் போட்டது இன்னொண்ணு. கையேடு யூவி லைட்டை அடிச்சு பச்சையைப் பாக்கச் சொல்லுது, பாருங்க, அழகாத்தான் இருக்கும். பாத்து முடிச்சதும் லைட்டை அணைச்சிட்டு சாதாரண வெளிச்சத்துல ஸ்கேலை வெச்சு காலனியோட அகலத்தை அளந்து பாருங்க. எங்களுக்கு மூணு பேட்ச்லயும் ஒளிர்ற காலனிங்க மத்ததை விடச் சின்னதா இருந்துச்சு. அதே செல்லு, அதே பிளாஸ்மிட், ராத்திரி பூரா ஒரே இன்குபேட்டர், வித்தியாசம் என்னன்னா ஒண்ணு தனக்குக் கொஞ்சமும் தேவையில்லாத ஜிஎஃப்பியை மூட்டை மூட்டையா செஞ்சுகிட்டிருக்கு. ரைபோசோம், அமினோ அமிலம், ஏடிபி எல்லாம் அதுக்குப் போகுது, பெருகுறதுக்கு மிச்சம் இருக்கிறது குறைச்சல். அந்த அரை மில்லிமீட்டர் வித்தியாசம்தான் வெளி டிஎன்ஏவுக்குக் குடுக்கிற விலை.

கையேட்டுல எனக்கு மனசு ஒப்பாத இடம் இதுதான். பாக்டீரியா புது டிஎன்ஏவை எடுத்துக்கிட்டா அதுக்கு பலம், அதனாலதான் எடுத்துக்குதுன்னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க. படிக்கிற பிள்ளை பாக்டீரியா ஏதோ கடைக்குப் போய் நல்ல ஜீனாப் பாத்து பொறுக்கிட்டு வர்ற மாதிரி நினைச்சுக்கும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு செல்லு 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகுது, இன்னொண்ணு வேண்டாத சுமையால 22 நிமிஷம் எடுத்துக்குதுன்னு வைங்க. பத்து மணி நேரத்துல முதலாவது 30 தடவை பிரியும், ரெண்டாவது 27 தடவைக்குச் சொச்சம். கேக்க சின்னதா இருக்கும், ஆனா முதலாவதோட கூட்டம் அதுக்குள்ள ஆறு மடங்குக்கு மேல போயிருக்கும். ரெண்டு நிமிஷத் தாமதத்துக்கே இந்த அடின்னா, கண்ட டிஎன்ஏவையும் உள்ள விடுற பழக்கம் எப்படி கோடிக்கணக்கான வருஷம் தாங்கி நிக்குது? இந்தக் கேள்வியைப் பசங்க கேக்கிற வரைக்கும் விடாதீங்க, ஏன்னா நிஜமாவே விஞ்ஞானிகள் இன்னைக்கும் வாதாடிட்டிருக்கிற கேள்வி இது.

தானா டிஎன்ஏவை இழுத்துக்கிற பாக்டீரியா இயற்கையில 80 இனத்துக்கு மேல தெரிஞ்சிருக்கு. 1928ல கிரிஃபித் நிமோனியா பாக்டீரியாவை வெச்சு எலியில பண்ணின சோதனையை எல்லாரும் படிச்சிருப்போம், சூடாக்கிக் கொன்ன கொடிய வகையோட உயிருள்ள சாது வகையைக் கலந்து ஊசி போட்டா எலி செத்துப்போச்சு, சாதுவா இருந்தது செத்ததுகிட்ட இருந்து கொடுமையை வாங்கிக்கிச்சு. அந்தப் பொருள் டிஎன்ஏதான்னு ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி 1944ல காட்டினாங்க. இந்த வகையறாவெல்லாம் தற்செயலா டிஎன்ஏ எடுக்கல, அதுக்குன்னே ஒரு டஜனுக்கு மேல ஜீன் வெச்சிருக்கு. காலரா பாக்டீரியா பைலஸ்ங்கிற மெல்லிய நூலை வெளிய நீட்டி டிஎன்ஏவைப் பிடிச்சு உள்ள இழுக்கிறதை 2018ல மைக்ராஸ்கோப்ல நேரடியாப் படம் பிடிச்சாங்க, தூண்டில் போட்டு மீன் இழுக்கிற மாதிரியே இருக்கும். இவ்வளவு சாமான் செஞ்சு வெச்சிருக்குன்னா வரவு ஏதோ இருக்கணும்ல.

என்ன வரவுன்னு கேட்டா மூணு கட்சி இருக்கு. ஒண்ணு, அது வெறும் சாப்பாடு. டிஎன்ஏல பாஸ்பரஸ், நைட்ரஜன், தயாரா இருக்கிற நியூக்ளியோடைடு எல்லாம் இருக்கு, பசி நேரத்துல விடுவானேன்? நுண்ணுயிரியல் விஞ்ஞானி ரோஸ்மேரி ரெட்ஃபீல்டு இதை விடாமச் சொல்லிட்டு வர்றவங்க. அவங்க எழுப்புற கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: வெளியில கிடக்கிற டிஎன்ஏ பெரும்பாலும் செத்த செல்லோடது, செத்தது எதனாலயோ செத்திருக்கு, அதோட ஜீனை வாங்கினா கெட்டதை வாங்குற வாய்ப்பு அதிகமில்லையா? நம்ம கிட்ல இருக்கிற ஈ. கோலை கூட பட்டினி கிடக்கும்போது டிஎன்ஏவைத் தின்னு பிழைக்கும்னு 2001ல ஃபிங்கலும் கோல்ட்டரும் காட்டினாங்க, அப்படித் தின்ன வேண்டிய ஜீன் கெட்டுப்போன செல்லு நல்ல செல்லோட போட்டியில தோத்துப்போச்சு. ரெண்டாவது கட்சி, தன்னோட டிஎன்ஏ அடிபட்டா சரி பண்ண மாதிரிப் பிரதி வேணும், அதுக்காக எடுக்குது. மூணாவது, நாம பாடப்புத்தகத்துல படிக்கிறது, புது ஜீன் கலவை.

எனக்கு ஒரு கட்சி மட்டும் போதும்னு தோணல, ஏன்னா இனத்துக்கு இனம் நடத்தை வேற வேறயா இருக்கு. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சாங்கிற பாக்டீரியாவை எடுத்துக்குங்க, அது ஒன்பது எழுத்து நீளத்துல ஒரு அடையாளம் இருக்கிற டிஎன்ஏவை மத்ததை விட ஆசையா எடுக்கும், அந்த அடையாளம் அதோட சொந்த ஜீனோம்ல (மொத்த டிஎன்ஏல) கிட்டத்தட்ட 1,500 இடத்துல இருக்கு, அதாவது சொந்தக்காரன் டிஎன்ஏவையே தேடி எடுக்குது. வெறும் சாப்பாடுதான்னா இந்தத் தேர்வு எதுக்குன்னு கேக்கத் தோணும், ஆனா எடுக்கிற இயந்திரத்துக்கே அந்த எழுத்து வரிசை வாகா இருந்ததால அது ஜீனோம்ல தானா சேர்ந்துபோச்சுன்னு ரெட்ஃபீல்டு பதில் வெச்சிருக்காங்க. காலரா பாக்டீரியா கைட்டின் மேல, அதாவது இறால் நண்டு ஓடு மாதிரிப் பொருள் மேல உக்காந்தாத்தான் இந்த வேலையை ஆரம்பிக்கும், அதே நேரத்துல பக்கத்துல இருக்கிறவனை ஊசி மாதிரி ஒரு கருவியால குத்திக் கொன்னு அவன் டிஎன்ஏவையும் எடுத்துக்கும். நிமோனியா பாக்டீரியா சில ஆன்டிபயாட்டிக் பட்டதும் டிஎன்ஏ எடுக்க ஆரம்பிக்குது. பேசில்லஸ் சப்டிலிஸ்ல கூட்டத்துல 10ல இருந்து 20 சதவீதம் செல்லுதான் இதுல இறங்கும், இறங்கினது அந்த நேரத்துக்குப் பெருகுறதையே நிறுத்திடும். மொத்தக் கூட்டமும் பந்தயம் கட்டாம கொஞ்சம் பேரை மட்டும் அனுப்பி வெக்கிற மாதிரி. இதுல நஷ்டம் இல்லேன்னா ஏன் எல்லாரும் போகல?

லாபம் பெருசா வந்த இடமும் இருக்கு. பெனிசிலினுக்கு அடங்காத நிமோனியா வகை ஒண்ணோட 240 மாதிரிகளை உலகம் பூராவும் இருந்து எடுத்து முழு ஜீனோம் படிச்சு 2011ல வெளியிட்டாங்க, வெளி டிஎன்ஏ உள்ள வந்து மாறின நிகழ்வு 700க்கு மேல இருந்துச்சு, தடுப்பூசி குறிவைக்கிற மேலுறையையே மாத்திக்கிட்டது கூட அதுல உண்டு. நாப்பது வருஷத்துக்குள்ள இவ்வளவு. நமக்கு வயித்தெரிச்சல், அதுக்கு வாழ்வு.

திரும்ப கிட்டுக்கு வர்றேன். ரெண்டு நாள் விட்டா பெரிய காலனியைச் சுத்தி குட்டி குட்டியா புள்ளி முளைக்கும். கையேடு இதை அசுத்தம்னு சொல்லித் தூக்கிப் போடச் சொல்லுது, அது சரியில்ல. நடுவுல இருக்கிறது ஆம்பிசிலினை உடைக்கிற என்சைம் செய்யுது, அது கசிஞ்சு சுத்தியிருக்கிற மருந்தையும் தின்னுடுது, அந்த நிழல்ல பிளாஸ்மிட் இல்லாததும் பிழைச்சுக்குது. நாங்க அந்தக் குட்டிப் புள்ளியை எடுத்து புது ஆம்பிசிலின் பிளேட்ல கீறினோம், ஒண்ணும் வளரல. ஒருத்தன் சுமை தூக்குறான், பலனைப் பக்கத்து வீட்டுக்காரனும் அனுபவிக்கிறான். தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதையும் ஒரு வகுப்பா நடத்துங்க, பதினஞ்சு நிமிஷ வேலைதான்.

இப்போ பதிமூணாவது நாள் கதை. ஒளிர்ற காலனி ஒண்ணை எடுத்து ஆம்பிசிலின் இல்லாத, அரபினோஸ் மட்டும் இருக்கிற திரவத்துல போட்டோம். தினமும் அதுல நூத்துல ஒரு பங்கை எடுத்து புது திரவத்துக்கு மாத்தணும், அவ்வளவுதான், அஞ்சு நிமிஷம் ஆகாது, பசங்க முறை போட்டுக்கிட்டு ஞாயித்துக்கிழமை கூட வந்து பண்ணினாங்க. நூறு மடங்கு திரும்ப வளரணும்னா ஆறரை தடவை ரெண்டாகணும், பத்து நாளைக்கு 65 தலைமுறைக்கு மேல வரும். அப்புறம் நல்லா நீர்க்க வெச்சு அரபினோஸ் பிளேட்ல பரப்பி மறுநாள் யூவியில எண்ணினோம். 140 காலனியில 31 இருட்டா இருந்துச்சு. யாரும் எதையும் கொல்லல, மருந்தை நிறுத்தினோம், அவ்வளவுதான், சுமையை இறக்கி வெச்சதுங்க முன்னாடி ஓட ஆரம்பிச்சிடுச்சு.

அந்த 31ஐயும் பல்குத்தும் குச்சியால தொட்டு, நல்லா இடைவெளி விட்டு ஆம்பிசிலின் பிளேட்ல வெச்சோம். 22 வளரல, அதாவது பிளாஸ்மிட்டையே தொலைச்சிடுச்சு. 9 வளந்துச்சு, ஆனா ஒளிரல! பிளாஸ்மிட் இருக்கு, ஒளி மட்டும் போச்சு. ஜிஎஃப்பி ஜீன்லயோ சுவிட்சுலயோ ஏதோ ஒரு இடம் கெட்டுப்போயிருக்கணும். சீக்வென்சிங் பண்ண, அதாவது டிஎன்ஏவோட எழுத்து வரிசையைப் படிக்க, எங்ககிட்ட வசதி இல்ல, ஆனா செலவைக் குறைக்க ரெண்டு வழி இருக்கு, மூட்டையைத் தூக்கி எறியலாம், இல்ல மூட்டைக்குள்ள கனமா இருக்கிறதை மட்டும் எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தை வெச்சுக்கலாம்னு பிளேட்டைப் பாத்து பசங்களே சொன்னாங்க. இவ்வளவு வருஷம் பாடம் எடுத்ததுல பரிணாமம் இவ்வளவு பக்கத்துல வந்து நின்னது எனக்கு இதுதான் முதல் தடவை.

மூணாவதா ஒரு வழியும் உண்டு, சுமையைப் பழகிக்கிறது. 1988ல பௌமாவும் லென்ஸ்கியும் பிளாஸ்மிட் இருக்கிற ஈ. கோலையை மருந்தோடயே 500 தலைமுறை வளத்தாங்க, கடைசியில மருந்தே இல்லாத இடத்துல கூட பிளாஸ்மிட் இருக்கிற செல்லு இல்லாததை விட நல்லா ஓடுற நிலைமைக்கு வந்துடுச்சு. மருந்தை நிறுத்திட்டா எதிர்ப்பு ஜீன் தானா போயிடும்னு நம்புறவங்க எங்க பிளேட்டோட சேத்து இதையும் ஞாபகம் வெச்சுக்கணும். பிளாஸ்மிட்டும் சும்மா இருக்காது, இயற்கையில இருக்கிற பலது நீண்ட நாள் நிக்கிற விஷத்தையும் சீக்கிரம் அழியிற மாத்து மருந்தையும் சேத்தே செய்யும், தொலைச்சா அந்த செல்லு செத்துப்போகும். கிட்ல இருக்கிறதுல அது கிடையாது, அதனாலதான் நமக்கு 22 கிடைச்சுது.

அந்நிய டிஎன்ஏகிட்ட இருந்து பாக்டீரியா தன்னைக் காத்துக்கிறது பத்தி கையேட்டுல ஒரு பக்கம் வந்திருக்கலாம், ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம் பத்தி ஒரு வரி கூட இல்ல. அந்நிய டிஎன்ஏவைத் துண்டு போடுற அந்தக் கத்தரிக்கோலை 1970ல ஹாமில்டன் ஸ்மித் கண்டுபிடிச்சது எதுலன்னா அதே ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சாவுல, டிஎன்ஏவை ஆசையா இழுக்கிற அதே ஆளுதான் வாசல்ல கத்தியும் வெச்சிருக்கான், பாக்டீரியாவைத் தாக்குற வைரஸும் பெரும்பாலும் டிஎன்ஏவாத்தானே வருது. கிரிஸ்பர்ங்கிற இன்னொரு காவல் ஏற்பாடும் அந்த வேலைக்குத்தான். காவலை எடுத்துட்டா என்ன ஆகும்னா, வான்கோமைசின்ங்கிற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத எண்டரோகாக்கஸ் வி583ங்கிற பாக்டீரியாவோட ஜீனோம்ல கால்வாசிக்கு மேல வெளியில இருந்து வந்த சரக்கு, அதுல வேலை செய்யிற முழு கிரிஸ்பர் காவல் கிடையாது.

குறைகளையும் சொல்லிடணும். முதல் பெட்டி வந்தப்போ ஐஸ் பேக் முழுக்க உருகி வெதுவெதுன்னு இருந்துச்சு, ஆம்பிசிலின் வீரியம் போயிருச்சு, பிளாஸ்மிட் இல்லாத பிளேட்லயும் காலனி வந்து வகுப்பே குழம்பிப்போச்சு. அனுப்பினவங்களுக்கு போட்டோவோட எழுதினதும் மாத்திக் குடுத்தாங்க, ஆனா ஒரு வாரம் வீணாப்போச்சு, வந்த அன்னைக்கே தொட்டுப் பாத்து போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. யூவி பேனா ரொம்ப மங்கல், அறையை முழுசா இருட்டாக்கினாத்தான் தெரியும், தனியா நல்ல லைட்டு வாங்கிட்டா 31ஆ 29ஆன்னு சண்டை வராது. பிளேட்டு எண்ணிக்கை ரெண்டு நாளைக்கு மட்டும் கணக்கு பண்ணி வெச்சிருக்காங்க, நீங்க நீட்டிக்கப் போறீங்கன்னா அரபினோஸும் அகாரும் தனியா சேத்து ஆர்டர் பண்ணுங்க, ஆம்பிசிலின் இல்லாத பிளேட்டு குறைஞ்சது பத்து கூடுதலா வேணும். வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல (நீராவி அழுத்தத்துல கிருமியைக் கொல்ற கருவி) போடுங்க, இல்லேன்னா பிளீச் கரைசல்ல நல்லா ஊற வெச்சு அப்புறம் கொட்டுங்க. ஆம்பிசிலினை எதிர்க்கிற ஜீன் அதுல இருக்கு, செல்லு செத்தாலும் டிஎன்ஏ கொஞ்ச நாள் கிடக்கும், அதை எடுத்துக்க வெளியில ஆளு இருக்குன்னு மேல பாத்தோம்.

அஞ்சுக்கு நாலு குடுக்கிறேன். அந்த ஒரு மார்க்கு கையேட்டுக்காகக் குறைச்சது.